ரபீ என்பவர் யார்?



வேதபாடத்தில் ஒரு சகோதரி, "பாஸ்டர், ரபீன்னா யூதர்களோட ஆசாரியர்தானே?" என்று கேட்டார்கள். சபையில் அநேகர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் இருவரும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் விளங்கினால் சுவிசேஷங்களில் பல இடங்கள் தெளிவாகும். சபையில் நம்முடைய பொறுப்பும் விளங்கும்.

1. பெயரின் பொருள்

எபிரெய பாஷையில் 'ராவ்' என்றால் பெரியவர். 'ரபீ' என்றால் 'என் பெரியவரே' என்று அர்த்தம். போதகரை அப்படி அழைப்பார்கள் (யோவான் 1:38). மகதலேனா மரியாள் சொன்ன 'ரபூனி'யும் (யோவான் 20:16) இதைச் சேர்ந்த சொல்தான். இயேசுவின் நாட்களில் இது மரியாதைச் சொல். பதவிப் பெயராக நிலைத்தது பிற்பாடுதான்.

2. ஆசாரியர் வேறு, ரபீ வேறு

ஆசாரியனாக இருக்க ஆரோனின் வம்சத்தில் பிறந்திருக்கணும். ரபீ ஆவதற்கு வம்சம் வேண்டாம், படிப்பு வேண்டும். ஆசாரியனுக்குப் பலிபீடத்தில் ஊழியம். ரபீக்கு வேதத்தில் ஊழியம்.

கி.பி. 70-ல் ரோமர் எருசலேம் தேவாலயத்தை அழித்தார்கள். பலி நின்றுபோயிற்று. இனி என்ன செய்வது? யோகனான் பென் சக்காய் என்ற போதகர் யப்னே என்ற ஊரில் உபதேசத்தைத் தொடர்ந்தார். ஏறக்குறைய கி.பி. 200-ல் ரபீ யூதா, வாய்மொழியாக வந்த போதனைகளை 'மிஷ்னா'வாகத் தொகுத்தார். ஆலயம் போயும் யூதர்கள் ஒரு ஜனமாக நிலைத்ததற்கு இந்தப் போதகர்கள் முக்கிய காரணம்.

3. அவருடைய வேலை

நியாயப்பிரமாணத்தை அன்றாட வாழ்க்கைக்குப் பொருத்திச் சொல்வதே அவர் வேலை. இந்தக் கோழியைச் சாப்பிடலாமா? ஓய்வுநாளில் இதைச் செய்யலாமா? விவாகம், தள்ளுதற்சீட்டு, வழக்கு எல்லாம் அவரிடம் வரும்.

ஆனால் ஜெபத்துக்கு ரபீ கட்டாயமில்லை. பாரம்பரிய முறைப்படி, 13 வயது நிறைந்த பத்து ஆண்கள் கூடினால் போதும். 1568-ல் பரதேசி ஜெப ஆலயத்தைக் கட்டின கொச்சி யூதர்கள் மத்தியில், கற்றறிந்த மூப்பர்களே ஆராதனையை நடத்தினார்கள்.

4. பிழைப்பு

முற்கால ரபீக்கள் பலர் கைத்தொழில் செய்தார்கள். ஒருவர் செருப்புத் தைத்தார், ஒருவர் கரி சுட்டார். 1204-ல் எகிப்தில் மரித்த மைமோனிடிஸ் பெரிய வேதபண்டிதர். ஆனால் வைத்தியராகப் பிழைத்தார். கமாலியேலிடம் படித்த பவுல் கூடாரம் பண்ணினதும் (அப். 18:3) இந்த வழக்கத்துக்கு ஒத்ததே.

5. நமக்குப் பாடம்

பிரியமானவர்களே, ரபீ இருந்தாலும் பிள்ளைக்கு வேதம் கற்பிப்பது யூதத் தகப்பனின் கடமை. நம் வீட்டில் எப்படி? "பாஸ்டர் படிப்பார், பாஸ்டர் ஜெபிப்பார்" என்று விட்டுவிட்டால், போதகரை ஆசாரியனாக்கி விடுகிறோம். ரபீ என்னும் பட்டத்தை நாட வேண்டாமென்று ஆண்டவர் சீஷர்களை எச்சரித்தார் (மத். 23:8). பெரோயா பட்டணத்து யூதர்கள் பவுலின் பிரசங்கத்தையே வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள் (அப். 17:11). நான் சொல்லுவதையும் அப்படியே ஆராய்ந்து பாருங்கள். இந்த வாரமே வீட்டில் பிள்ளைகளோடு வேதத்தைத் திறவுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.