கருச்சிதைவுக்குப் பின் மீண்டும் கருத்தரித்தல்: முடக்குவாத வலியைக் கையாளும் படிநிலைகள்

முடக்குவாதம் என்பது, உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் மூட்டுகளின் உள்ளுறையையே பகையாகக் கருதித் தாக்குவதால் விரல், மணிக்கட்டு, முழங்கால், பாதம் ஆகியவற்றின் மூட்டுகள் வீங்கி வலித்து, காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்துப்போகும் நீடித்த நோயாகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வரும் இந்நோய் பலருக்குக் குழந்தை பெறும் வயதிலேயே தொடங்கிவிடுவதால், மூட்டு வலியும் தாய்மை விருப்பமும் ஒரே காலத்தில் ஒரே உடலில் சந்திக்கின்றன. அதனிடையே ஒரு கருவை இழக்கவும் நேர்ந்துவிட்டால், அடுத்த முயற்சியில் எந்த மருந்தும் உடலில் இருக்கக் கூடாது என்ற அச்சத்தில் எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் பலர்.

அந்தப் பொறுமை கருவுக்கு நன்மை செய்வதில்லை. அடங்காத அழற்சி, அதாவது மூட்டுகளில் ஓயாமல் நடக்கும் வீக்கமும் சிதைவும், கருத்தரிப்பைத் தாமதப்படுத்துவதோடு குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் வழிவகுக்கிறது. ஆகவே கருவுக்குத் தீங்கு செய்யும் மருந்துகளை விலக்கி, தீங்கற்ற மருந்துகளால் நோயை அடக்கி, அந்த அமைதி நிலைத்த பிறகு கருத்தரிக்க முனைவதே பாதுகாப்பான வரிசையாகும். பின்வரும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

படி 1: இழப்பின் காரணத்தை ஆராய்தல்

உறுதிசெய்யப்பட்ட கருத்தரிப்புகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தாமாகவே சிதைந்துவிடுகின்றன என்பதும், தொடக்க வாரச் சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் கருவின் குரோமோசோம்களில், அதாவது மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளில், தற்செயலாக நேர்ந்த பிழையே காரணம் என்பதும் மருத்துவம் நிறுவிய உண்மைகள். குனிந்து கூட்டியதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, பேருந்தில் சென்றதாலோ கரு கலைந்தது என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்ணும், அவ்வாறு அவரைக் குறை சொல்லும் உறவினரும் இதை முதலில் அறிய வேண்டும்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவை இழந்தவர்களும், பத்து வாரத்துக்குப் பிறகு ஒருமுறையேனும் இழந்தவர்களும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். இரத்தத்தை எளிதில் உறையச் செய்து நஞ்சுக்கொடியின் நுண்குழாய்களை அடைத்துவிடும் இந்த எதிர்ப்பொருள்கள் முதல் பரிசோதனையில் தென்பட்டால், குறைந்தது 12 வார இடைவெளியில் மறுபடி பார்த்து உறுதிசெய்வது வழக்கம். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் அடுத்த கருவைக் காக்கப் பெரிதும் உதவுகின்றன. முடக்குவாதத்தோடு தைராய்டுக் கோளாறும் சேர்ந்து காணப்படுவது உண்டு என்பதால் தைராய்டு பரிசோதனையும், சிலருடைய குழந்தையின் இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடிய ஆன்டி-ரோ எதிர்ப்பொருளுக்கான பரிசோதனையும் இதே கட்டத்தில் முடிந்துவிடுவது நல்லது.

படி 2: இரு மருத்துவர்களையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருதல்

வாதநோய் மருத்துவர் எழுதியதை மகப்பேறு மருத்துவர் அறியாமலும், மகப்பேறு மருத்துவர் நிறுத்தச் சொன்னதை வாதநோய் மருத்துவர் அறியாமலும் போவதே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். பழைய ஸ்கேன் அறிக்கைகள், கருச்சிதைவின்போது மருத்துவமனை தந்த சுருக்கக் குறிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, இருவரிடமும் அதே கோப்பைக் காட்ட வேண்டும். அப்பட்டியலில் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை, நாட்டு மருந்து, தைலம், சத்து மாவு எதுவும் விடுபடக் கூடாது.

படி 3: மருந்துகளை மாற்றுதல்

முடக்குவாதத்துக்கு மிகப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளப்படும் மருந்து. இது கருவைச் சிதைக்கவும் ஊனப்படுத்தவும் வல்லது என்பதால் கருத்தரிக்க முனைவதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தப்பட வேண்டும். இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது: மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைப்பதற்காகவே போலிக் அமில மாத்திரை தரப்பட்டிருந்ததால், முன்னது நின்றதும் பின்னதும் தேவையில்லை என்று எண்ணிப் பெண்கள் இரண்டையும் நிறுத்திவிடுகின்றனர். கருவின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாகப் போலிக் அமிலம் இன்றியமையாதது. ஆகவே மருத்துவர் குறிக்கும் அளவில் அதைக் கருத்தரிப்புக்கு முன்னும் முதல் மூன்று மாதங்களிலும் தொடர வேண்டும்.

லெப்ளூனோமைடு என்னும் மற்றொரு முடக்குவாத மருந்து இன்னும் கூடுதல் கவனத்துக்குரியது. நிறுத்திய பிறகும் அதன் கூறு இரண்டு ஆண்டுகள் வரை இரத்தத்தில் தங்கக்கூடும் என்பதால், அதைக் குடலிலேயே பிணைத்து வெளியேற்றும் கொலஸ்டிரமின் என்னும் தூளை நாளுக்கு மூன்று வேளையாகப் பதினொரு நாள் கொடுத்து, இரத்தத்தில் அளவு குறைந்ததை இருமுறை சோதித்த பிறகே கருத்தரிக்க மருத்துவர்கள் இசைவு தருகின்றனர். டோபாசிட்டினிப், பாரிசிட்டினிப் ஆகிய புதிய மாத்திரைகளும் கருத்தரிப்புக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டியவையே. இம்மருந்துகள் உடலை விட்டு நீங்கும்வரை நம்பகமான கருத்தடை முறையைக் கையாளுவது இந்தப் படியின் பிரிக்க முடியாத பகுதியாகும்.

நிறுத்தியவற்றின் இடத்தை நிரப்ப மருந்துகள் உள்ளன. ஹைட்ராக்சிகுளோரோகுயின் கருக்காலம் முழுவதும் தொடரத்தக்கது; சல்பசலசின் நாளுக்கு இரண்டு கிராம் வரை, கூடுதல் போலிக் அமிலத்தோடு தரத்தக்கது; அசத்தயோபிரினும் தேவைப்படுவோருக்குப் பயன்படுகிறது. இவற்றுக்கு அடங்காத நோய்க்கு உயிரியல் ஊசிகள், அதாவது அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுக்கும் ஊசிகள் உண்டு; அவற்றுள் செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடையும் அளவு மிகக் குறைவு.

படி 4: நோய் அடங்கியதை உறுதிசெய்தல்

கருச்சிதைவுக்குப் பின் உடல் இயல்புக்குத் திரும்ப ஒரு மாதவிலக்குச் சுழற்சி பெரும்பாலானோருக்குப் போதுமானதாக இருந்தாலும், முடக்குவாதமுள்ள பெண்ணுக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. புதிய மருந்துகளில் நோய் மூன்று முதல் ஆறு மாதங்கள் அடங்கியிருப்பதைக் கண்ட பிறகு முயல்வதே மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. உடலின் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து வீக்கத்தையும் வலியையும் எண்ணி, இரத்த அழற்சி அளவோடு சேர்த்துக் கணிக்கப்படும் மதிப்பெண் ஒன்று இதற்கு அளவுகோலாக உள்ளது. வீட்டிலும் காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, இரவு எத்தனை முறை வலியால் விழிப்பு வருகிறது, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்ற மூன்றையும் வாரம் ஒருமுறை குறித்துவந்தால், மருத்துவரிடம் சொல்வதற்கு உறுதியான சான்று கிடைக்கும்.

இக்காத்திருப்பு வீண் என்று தோன்றலாம். ஆனால் நெதர்லாந்தில் முடக்குவாதமுள்ள பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், 42 சதவீதத்தினருக்குக் கருத்தரிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்தத் தாமதத்தோடு தொடர்புடையவையாக வயது, முன்பு குழந்தை பெறாமை ஆகியவற்றோடு நோயின் தீவிரமும், அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரைகளும், நாளுக்கு 7.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசோலோனும் கண்டறியப்பட்டன. கடந்த காலத்தில் மெத்தோட்ரெக்சேட் உட்கொண்டது தாமதத்துக்குக் காரணமாகவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு; பழைய மருந்தே தம் வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று வருந்துவோருக்கு இது ஆறுதலான செய்தி.

படி 5: வலி மாத்திரையைத் தேர்தல்

கருத்தரிக்க முனையும் மாதங்களில் வலிக்கு முதல் தெரிவு பாரசிட்டமால். தேவையான குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, இரு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விட்டு உட்கொள்ள வேண்டும், எந்நிலையிலும் ஒரு நாளில் நான்கு கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் பாதிப்புள்ளோர் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், இபுபுரோபென் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள், கருமுட்டை தன் பையை உடைத்து வெளியேறுவதற்குத் தேவையான வேதிப்பொருளின் உற்பத்தியைத் தடுப்பதால், மாதவிலக்கு சரியாக வந்தாலும் முட்டை வெளிப்படாமல் போகக்கூடும். மாத்திரையை விட்டால் இவ்விளைவும் நீங்கிவிடும்.

இந்தியாவில் அசிக்ளோபெனாக்கும் பாரசிட்டமாலும் ஒரே மாத்திரையில் சேர்ந்து பல பெயர்களில் விற்கப்படுகின்றன. ஆகவே வலி மாத்திரை என்று கேட்டு வாங்குபவர், மாத்திரை அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்திலுள்ள விற்பனைப் பெயரை விட்டு அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். பாரசிட்டமாலைத் தவிர வேறு பெயர் அங்கே இருந்தால் அதை உட்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நோய் திடீரென்று தீவிரமடையும்போது குறைந்த அளவு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பயன்படுகிறது. அதன் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடுவதால் குழந்தைக்குச் செல்வது சிறிதளவே. ஆயினும் தொடர்ந்து உட்கொண்டவர் அதைத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கப்படும் வாதப் பொடிகளில் ஸ்டீராய்டு மறைமுகமாகக் கலக்கப்படுவதுண்டு. சில பாரம்பரிய மருந்துகளில் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் சேர்வதுண்டு. இவை கருவுக்குத் தீங்கானவை என்பதால் முழுமையாக விலக்கத்தக்கவை. முடக்கறுத்தான் போன்ற மூலிகைகளைக் கஷாயமாக மருந்தளவில் குடிப்பதும் மருத்துவரிடம் சொல்லாமல் செய்யத்தக்கதன்று.

படி 6: மருந்தில்லா முறைகளை அன்றாடமாக்குதல்

காலை விறைப்புக்கு, படுக்கையை விட்டு எழுந்ததும் கைகளை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரித்தல் நல்ல பலன் தரும். சிவந்து வீங்கிச் சூடாக உள்ள மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடத்தைவிடத் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமே ஏற்றது. வலியில்லாத நாட்களில் நடைப்பயிற்சியும், இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் தசை வலுவூட்டும் பயிற்சிகளும் மூட்டின் சுமையைத் தசைக்கு மாற்றுகின்றன. மணிக்கட்டு வலிப்போர் இரவில் பட்டை அணிந்து உறங்கலாம்.

சமையலறையில் விரல்மூட்டைவிடப் பெரிய மூட்டைப் பயன்படுத்துவதே பொது விதி. நிறைந்த குக்கரை ஒற்றைக் கைப்பிடியில் தூக்காமல் இரு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குதல், தண்ணீர்க் குடத்துக்குப் பதிலாகச் சிறிய பாத்திரங்களில் பலமுறை எடுத்தல், துணி பிழிதல், தேங்காய் துருவுதல் ஆகிய முறுக்கும் வேலைகளை வீட்டிலுள்ள மற்றவர்கள் ஏற்றல் என அமைத்துக்கொண்டால் மாலையில் மாத்திரையின் தேவை குறையும்.

படி 7: கருத்தரிக்கும் நாட்களை வலியோடு பொருத்துதல்

கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே கருத்தரிக்க உகந்தவை. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன் முட்டை வெளிப்படுகிறது. எனவே அந்நாட்களை ஒட்டி வீட்டு வேலைகளைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவதும், உறவுக்கு முன் வெந்நீர்க் குளியலும், தேவையானால் அரைமணி முன் பாரசிட்டமாலும், முழங்காலுக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை வைத்தலும், பக்கவாட்டில் படுத்த நிலையும் வலியைத் தணிக்கும். கணவரிடம் எது வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது வெட்கத்துக்குரியதன்று. 35 வயதுக்கு மேற்பட்டோர் ஆறு மாதமும், அதற்குக் குறைந்தோர் ஓராண்டும் முயன்றும் பலனில்லையெனில் கருத்தரிப்புச் சிகிச்சை மருத்துவரை நாட வேண்டும்.

படி 8: துயருக்கும் இடம் அளித்தல்

இழந்த குழந்தைக்குரிய பிரசவ நாள் நெருங்கும்போதும், உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்புக்கு அழைப்பு வரும்போதும் மனம் தளர்வது இயல்பு. தூக்கமின்மையும் மனச்சோர்வும் அதே மூட்டு வலியைக் கூடுதலாக உணரச் செய்கின்றன என்பதால் துயரைக் கவனிப்பதும் வலிச் சிகிச்சையின் பகுதியே. "ஏதும் விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்வது பெரும் துணை. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பற்றுப்போனால் மனநல மருத்துவரைக் காண வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் இலவசமாகவே பேசலாம்.

படி 9: கரு உறுதியானதும் செய்ய வேண்டியவை

பரிசோதனையில் கரு உறுதியானதும், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் இரு மருத்துவர்களுக்கும் அன்றே தெரிவித்து, ஆறு ஏழு வாரங்களில் முதல் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். இரத்தப்போக்கு, ஒருபக்க அடிவயிற்று வலி, மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கருக்காலத்தில் முடக்குவாதம் தணிவதை அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1938இல் விரிவாகப் பதிவுசெய்தார். அத்தணிவின் காரணத்தை அவர் தேடியதே கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டுச் சிகிச்சைக்கு வழிகாட்டி, 1950இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைக்கக் காரணமாயிற்று. அந்தத் தணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதும், பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பலருக்கு நோய் மீண்டும் தீவிரமடைகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. ஆகவே தாய்ப்பால் ஊட்டும்போதும் தொடரத்தக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பசலசின் முதலிய மருந்துகளைப் பற்றியும், இரவில் குழந்தையைத் தூக்கித் தர வீட்டில் யார் உடனிருப்பார் என்பது பற்றியும் எட்டாம் மாதத்துக்குள் முடிவெடுத்து, அம்முடிவை அதே கோப்பில் எழுதிவைத்தல் வேண்டும்.