ஷிப்ட் வேலைக்காரருக்கும் முடியும்... வீட்டிலேயே டயாலிசிஸ்!

"வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிட்டா, கம்பெனியில எப்படி சார் வெச்சிருப்பாங்க?"

இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது, இனி 'டயாலிசிஸ்'தான் என்று டாக்டர் சொன்னதும் சம்பாதிக்கிற மனிதருக்கு முதலில் எழும் கவலை இதுதான். நியாயமான கவலை! மெஷின் மூலம் ரத்தத்தைச் சுத்திகரிக்க ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும். போக வர நேரம் தனி. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்துக் கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவருக்கு இது சிரமம்தான்.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. 'சி.ஏ.பி.டி.' என்பார்கள். இந்தியாவில் 1991-லேயே வந்துவிட்டது. ஆனாலும் நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது.

நம் வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியபடி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுவே இங்கே வடிகட்டி! தொப்புளுக்குக் கீழே சின்ன ஆபரேஷன் செய்து ஒரு மிருதுவான குழாயைப் பொருத்துவார்கள். அதன் வழியாக 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, 4 முதல் 6 மணி நேரம் கழித்து வெளியேற்ற வேண்டும். ரத்தத்திலுள்ள கழிவுகள் அதில் இறங்கிவிடும். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் உடம்பில் தேங்கிய நீரும் கூடவே வந்துவிடும். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை. ஒவ்வொரு தடவையும் அரைமணி, முக்கால் மணி நேரம். இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் நடக்கலாம், வேலை பார்க்கலாம். கனமான பொருளைத் தூக்கும் வேலை மட்டும் ஆகாது. அதை நிர்வாகத்திடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தடவை மாற்ற, தொழிற்சாலையின் மருத்துவ அறை கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் பெரிய ஆபரேஷன்கள் செய்துகொண்டவர்கள் டாக்டரிடம் தீர விசாரிக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். இந்த முறையில் பெரிய எதிரி கிருமிதான். ஆறேழு பேர் சேர்ந்து தங்கும் லைன் வீட்டு அறையில், வெளியே லாரிப் புழுதி பறக்க, பையை மாற்றவே கூடாது. ஒரு மூலையாவது உங்களுக்கென்று இருக்கட்டும். கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள் (வியர்த்தாலும் பரவாயில்லை!). நாய், பூனை உள்ளே வரக்கூடாது. மோதிரம், வாட்ச்சைக் கழற்றி, மாஸ்க் போட்டு, சோப்பால் கையை நன்றாகக் கழுவி, சுத்தமான துணியில் ஈரம் போகத் துடைத்த பிறகே குழாயைத் தொடுங்கள்.

இணைப்பு முனையில் விரல் பட்டுவிட்டதா? 'துடைச்சிட்டு மாட்டிக்கலாம்' என்று நினைக்காதீர்கள். குழாயின் அடைப்பானை மூடிவிட்டு, உடனே உங்கள் சென்டருக்குப் போன் செய்யுங்கள்.

வெளிவரும் திரவம் இளமஞ்சளாய், தெளிவாய் இருக்க வேண்டும். பைக்கு அடியில் செய்தித்தாளை வைத்துப் பாருங்கள், எழுத்து தெரிய வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். கூடவே வயிற்று வலி, காய்ச்சலும் வரலாம். வலி இல்லையே என்று 'ஷிப்ட் முடிஞ்சு போகலாம்' எனத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் குழாயையே எடுக்க நேரிடலாம், உயிருக்கும் ஆபத்து.

ஒரு நோட்டுப் போடுங்கள். எடை, ரத்த அழுத்தம், உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று தினமும் எழுதுங்கள். கால் வீங்கி எடை ஏறினால் டாக்டரிடம் காட்டுங்கள். திரவத்தோடு புரதமும் வெளியேறிவிடும். அதனால் முட்டை வெள்ளைக்கரு, மீன், பருப்பை எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் குளுக்கோஸால் சர்க்கரை ஏறும், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

செலவு? தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயும் கேளுங்கள். வீட்டில் பயிற்சி பெறுவது ஒருவர் மட்டும் வேண்டாம், மனைவியோ அம்மாவோ கூடவே கற்றுக்கொள்ளட்டும். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புமுன் பைகளை எண்ணிப் பாருங்கள். நான்கு நாள் லீவு என்றால், தினம் 4 பை வீதம் 16, அதற்கு மேல் இரண்டு உபரி.