ஜாடிக் கணக்கு

சமையலறையை ஒழுங்குபடுத்தக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஒரே அளவில் ஒரு டஜன் பிளாஸ்டிக் டப்பா வாங்கி, மேலே பேர் ஒட்டி அடுக்குகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு டப்பாவில் கைப்பிடி கடலைப்பருப்பு, இன்னொன்றில் என்னவென்று மறந்துபோன மாவு. மாதக் கடைசியில் துவரம்பருப்பு மட்டும் இல்லை. டப்பா வாங்குவது கடைசி வேலை. எந்தச் சாமான் எத்தனை நாளைக்கு வரும் என்ற கணக்குத்தான் முதல் வேலை.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க சுமார் 100 கிராம் பருப்பு வேண்டும். ஆக, அந்த ஒரு கிலோ பத்துச் சாம்பாருக்கு வரும். மாதத்தில் மிச்சம் இருபது நாள் என்ன குழம்பு என்பதுதான் நம் கேள்வி. இதைக் கேட்காமல் விடுவதால்தான் இருபதாம் தேதி மளிகைக் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

உப்புக்கும் இதே கணக்குப் போடலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம் வழியாக உள்ளே போகும் உப்பும் இதில் அடக்கம். மாதம் ஒரு கிலோ பாக்கெட் தீருகிறது என்றால் அந்த வீட்டில் யோசிக்க வேண்டியது அலமாரியைப் பற்றி அல்ல.

அடுத்து, வாரத் திட்டம். குழம்பின் வகையை மட்டும் எழுதுங்கள், காயை எழுதாதீர்கள். சாம்பார் இரண்டு நாள், புளிக்குழம்பு இரண்டு நாள், கீரையோ கூட்டோ ஒரு நாள், ரசமும் துவையலும் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை கறி அல்லது மீன். இப்படி வைத்தால் மாதத்துக்கு எட்டு ஒன்பது சாம்பார்தான் ஆகும். விருந்தாளி வந்தாலோ அமாவாசை வந்தாலோ ஒரு வேளைக்குப் பருப்பு கையில் நிற்கும். எந்தக் காய் போடுவது என்பதை அன்றைக்குச் சந்தை விலை முடிவு செய்யட்டும். ‘புதன்: முருங்கைக்காய் சாம்பார்’ என்று எழுதி ஒட்டிய திட்டம் முருங்கைக்காய் விலை ஏறிய வாரமே கிழிந்துவிடும்.

எந்த நாளில் எந்தக் குழம்பு என்பதை நம் ஊர் விருத்தாசலத்து வெயிலையும் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கடலூரைப் போல இங்கே கடல்காற்று கிடையாது. சித்திரையில் விடியற்காலை தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குள்ளேயே நுரைத்துவிடும். ஜங்ஷனில் காலை ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவர் இருக்கும் வீட்டில் வாரநாட்களுக்குக் காரக்குழம்பு, புளிசாதம், துவையல் என்று வைத்து, தேங்காய்ச் சமையலை எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளுக்குத் தள்ளுங்கள்.

இனிப் பாத்திரத்துக்கு வருவோம். அகல், பொம்மை, ஃப்யூஸ் கேரியர் என்று பீங்கான் வேலைக்குப் பேர்போன ஊர் இது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு கல்லூரியும் இருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் ஜாடியில் போட வேண்டியதில்லை. உப்பு, புளி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் இந்த நான்குக்கும் ஜாடியை மிஞ்சியது இல்லை, ஏனென்றால் உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும். பருப்பு வகைக்கு எவர்சில்வர் சம்படம் போதும். கடுகு, வெந்தயம், சீரகத்துக்குக் கண்ணாடி பாட்டில்.

ஜாடி வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். ‘தொப்’பென்று கேட்டால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். மெருகு விட்டுப்போய்ச் சொரசொரவென்று இருக்கும் இடம் புளிப்பை உறிஞ்சும், பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்தால் கசிவு தெரிந்துவிடும். பிறகு ஓர் எலுமிச்சைத் துண்டை உள்பக்கம் அழுத்தி ஒரு நாள் விடுங்கள். அந்த இடம் மங்கினாலோ நிறம் மாறினாலோ அதில் பூச்செடி வைக்கலாம், ஊறுகாய் வைக்கக் கூடாது. இந்தச் சோதனையில் ஈயம் இருப்பது தெரியவராது. அதனால் உள்பக்கம் பளீரென்ற சிவப்பு, மஞ்சள் பூசிய அலங்காரச் சாமான்களைச் சமையலறைக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. உணவுக்கென்று செய்ததா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

புது ஜாடியில் எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள்.

ஜாடிக்குள் போகும் புளிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சிறிய எலுமிச்சை அளவு என்றால் இருபது கிராமுக்குச் சற்று மேலே புளி. தினமும் அவ்வளவு கரைக்கிற வீட்டுக்கு வருடத்துக்கு ஏழெட்டுக் கிலோ ஆகும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவித் தூவி அடைக்க வேண்டும். பத்துக் கிலோ ஜாடி ஒன்றைவிட ஐந்து கிலோ ஜாடி இரண்டு மேல். ஒன்றை வேடு கட்டி ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் புழங்கலாம். திறந்த ஜாடியின் கழுத்தில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி, திறந்த தேதியை எழுதுங்கள். பழையது தீராமல் அதன் தலையில் புதியதைக் கொட்டாதீர்கள். அப்படிக் கொட்டினால் அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து கறுக்கும், கணக்கும் போய்விடும்.

கனமான ஜாடிகள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். தினசரிச் சாமான் கண் மட்டத்தில். பரணில் ஏற்றிய உணவுப்பொருள் இல்லாததற்குச் சமம். அங்கே பண்டிகைப் பாத்திரங்கள் மட்டும் போதும்.

இந்தப் பக்கத்து விளைச்சலுக்கும் திட்டத்தில் இடம் வேண்டும். பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் கொட்டையைக் கழுவாமல் செம்மண்ணில் புரட்டி நிழலில் வைத்தால், சீசன் முடிந்த பிறகும் சில வாரங்களுக்குப் பலாக்கொட்டைக் குழம்பு உண்டு. நிலக்கடலைக்கு இது சொந்த ஊர் மாதிரி. இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு ‘வி.ஆர்.ஐ.’ என்றே பெயர். கடலையைத் தோலோடு வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உரியுங்கள். உரித்துவைத்தது சீக்கிரம் சிக்கெடுக்கும். பூஞ்சை பிடித்தது ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் பொறுக்கி எறியுங்கள். வறுத்தாலும் பூஞ்சையின் நஞ்சு முழுதாகப் போகாது.

ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லா ஜாடிகளின் வேட்டுத் துணியையும் துவைத்துக் காயவைத்துக் கட்டுங்கள். உப்பு ஜாடிக்குள் ஒரு கைப்பிடி அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எவர்சில்வர் கரண்டியை உப்புக்குள் விட்டுவைக்காதீர்கள், குழி குழியாக அரித்துவிடும். மரக்கரண்டி இல்லையென்றால் கொட்டாங்கச்சித் துண்டு போதும்.