பங்குனி ஆமையும் பயின்ற கைகளும்

தமிழ்நாட்டு மாவட்டங்கள் மூன்று புறமும் சூழ, கிழக்கே கடலை எல்லையாகக் கொண்டு அமைந்தது காரைக்கால். புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த இம்மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டரே. இங்கு மலை இல்லை, பெருங்காடும் இல்லை. எனினும் அரசலாற்றின் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. தை முதல் பங்குனி வரை கடலாமைகள் மணற்கரை ஏறி முட்டையிடுகின்றன. முட்டையிடும் பருவத்தையே பெயராக்கி, அவற்றைப் பங்குனி ஆமை என வழங்குகிறது தமிழ்க்கரை.

இவ்வுயிர்களைக் காக்கச் சட்டம் உண்டு. ஆயின், சட்டத்தைக் கடற்கரையில் செயலாக்குவது மனிதரின் கண்ணும் கையுமே.

ஆமைக்கூடு ஒன்றைக் காக்கும் பணியை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். இரவில் மணலில் பதிந்த தடம் ஏறியதா இறங்கியதா என அறிதல் வேண்டும். ஏறத்தாழ நூறு முட்டைகள் புதைந்துள்ள இடத்தை, அவை உடையாவண்ணம் கண்டறிதல் வேண்டும். பொரிப்பகத்திற்கு மாற்றுவதாயின் சில மணி நேரத்திற்குள் மாற்றுதல் நன்று. காலந்தாழ்த்திப் புரட்டினால், ஓட்டின் உட்புறம் ஒட்டி வளரத் தொடங்கிய கரு சிதையும். மணலின் வெப்பமும் கருதத்தக்கது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். எனவே, பொரிப்பகத்தின் மேல் நிழல் அமைப்பதா வேண்டாவா என்பதுகூடப் பயிற்சியால் தெளியவேண்டியதாகிறது. இவ்வறிவில் பாதி மீனவரிடம் தலைமுறையாக உள்ளது. அளத்தல், பதிதல், ஒப்பிடல் ஆகிய மறுபாதியே பயிற்றுவிக்கப்பட வேண்டியது.

உழவர் அறிவியலாளரான கதை

நடு அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் 1989ஆம் ஆண்டு தேசியப் பல்லுயிர் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. உழவர், இல்லத்தரசியர், பண்ணைத் தொழிலாளர் ஆகியோருக்கு உயிரினங்களைத் திரட்டவும் இனம் பிரிக்கவும் அந்நிறுவனம் கற்பித்தது. அவர்கள் துணை வகைப்பாட்டாளர் எனப்பட்டனர். 1991இல் மெர்க் என்னும் மருந்து நிறுவனம் பத்து இலட்சம் டாலருக்கு மேல் வழங்க ஒப்பந்தம் செய்தது. உலகமே வியந்த முயற்சி அது. ஆனால், நிதிவரவு சுருங்கியபோது நிறுவனம் தளர்ந்தது; 2015இல் தன் பெருந்தொகுப்பை அரசு அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. பயிற்சி அங்குத் தோற்கவில்லை. அதனைத் தாங்கிய பொருள்வரவே தோற்றது.

இந்தியாவிலும் இவ்வெண்ணம் உருப்பெற்றது. ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைப் பத்து மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பல்லுயிர்ப் பாதுகாவலர், துணை வகைப்பாட்டாளர் என்பனவே அதன் முதற் படிப்புகள். சான்றிதழ் கிடைத்தது, சான்றிதழுக்கு ஏற்ற நிலையான பணியிடம் வேறொரு வினா.

கூட்டுறவு காட்டிய வழி

அவ்வினாவிற்கான விடைகளுள் ஒன்று தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே உள்ளது. வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபோது இருளர் மக்கள் வாழ்வாதாரம் இழந்தனர். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் அவர்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். அரசு இசைவுடன் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அவர்தம் தொழில். நஞ்சுமுறி மருந்து செய்வோர் அந்நஞ்சினை விலைக்குப் பெறுகின்றனர். திறன் உடையவரே சங்கத்தின் உறுப்பினர். விற்ற பொருளே ஊதியத்தின் ஊற்று. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரை மலைப்பாம்பு பிடிக்க 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அழைத்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பங்குனி ஆமைக்கு விற்பதற்குரிய நஞ்சு இல்லை. ஆகவே காரைக்காலுக்கு வேறு வழி வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும் அதற்கென உள்ளூர்ப் பல்லுயிர் நிதியையும் வகுத்துள்ளது. உயிரி வளங்களை வணிகத்திற்காகத் திரட்டுவோரிடம் குழு கட்டணம் பெறலாம். மூலிகைக் காடுகள் இல்லாத வயற்கரை மாவட்டத்தில் அக்கட்டணம் பெருகுதல் அரிது. அரசின் மானியமே நிதியின் பெரும்பகுதியாக அமைதல் வேண்டும். மானியம் ஆண்டுதோறும் தடையின்றி வந்தால்தான், பயின்றவர் வேறு வேலை தேடிச் செல்லாமல் கரையிலேயே இருப்பர்.

காலக்கணக்கும் இதற்குத் துணைநிற்கிறது. முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாள்கள் ஆகும். மார்ச்சு இறுதியில் இட்டவை மே மாதத்தில் பொரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அவற்றில் செல்வோர்க்கு அன்றாட வருவாய் இல்லை. பொரிப்பகத்தில் இரவுக் காவலுக்கு ஆள் தேவைப்படுவதும் அந்நாள்களில்தான்.