செல்வம், அதிகாரம், நீதி: மலையகப் பெருந்தோட்ட மக்களின் வரலாற்றினூடாக ஒரு விளக்கம்



செல்வம், அதிகாரம், நீதி ஆகிய மூன்றும் மனித வாழ்வை எவ்வாறு பாதிக்கின்றன என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்ட வினாக்கள் குடியுரிமைக் கல்வியிலும் வரலாற்றிலும் வெவ்வேறு வடிவங்களில் கேட்கப்படலாம். மாணவர் பலர் “செல்வந்தர் வசதியாக வாழ்கின்றனர், வறியவர் துன்பப்படுகின்றனர்” எனப் பொதுவாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். இத்தகைய விடைக்கு அதிக புள்ளிகளை எதிர்பார்க்க முடியாது. ஓர் உண்மையான உதாரணத்தை எடுத்து, காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்திக் காட்டும் விடையே சிறந்த விடையாகும்.

இங்கு எமது நாட்டின் மலையகப் பெருந்தோட்ட மக்களின் வரலாற்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உங்களில் சிலருக்கு இது பாடப்புத்தக வரலாறு மட்டுமன்று, வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட வரலாறுமாகும்.

1. மூன்று எண்ணக்கருக்கள்

முதலில் சொற்களைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள்.

செல்வம்: நிலம், வீடு, மூலதனம், வருமானம் போன்ற பொருளாதார வளங்கள்.

அதிகாரம்: பிறரைப் பாதிக்கும் தீர்மானங்களை எடுக்கவும் அவற்றை நடைமுறைப்படுத்தவும் உள்ள ஆற்றல். வாக்குரிமை, பாராளுமன்றப் பிரதிநிதித்துவம், தொழிற்சங்கம் என்பன சாதாரண மக்களின் கையிலுள்ள அதிகாரங்களாகும்.

நீதி: ஒவ்வொருவருக்கும் உரியது பாரபட்சமின்றிக் கிடைத்தல்.

சட்டமும் நீதியும் ஒன்றல்ல என்பதை இங்கு மனதிற் கொள்ள வேண்டும். முறைப்படி நிறைவேற்றப்பட்ட சட்டமும் அநீதியான விளைவைத் தரலாம். இதனைப் பின்னர் காண்போம்.

2. செல்வம்: உழைத்தவர் யார், உடைமையாளர் யார்?

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கையை ஆரம்பித்தபோது தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த அப்பயணத்தில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பலர் மாண்டனர். 1869இல் பரவத் தொடங்கிய இலை நோயால் கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் ஆரம்பித்த தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. அதன்பின் நீண்ட காலம் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் தேயிலையே முதலிடம் வகித்தது.

இச்செல்வத்தை உருவாக்கிய தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? அவர் ஊரிலிருந்து புறப்படும்போதே கங்காணியிடம் முற்பணம் பெற்றுக் கடனாளியாகவே வந்து சேர்ந்தார். கடன் விபரம் எழுதப்பட்ட “துண்டு” இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் கடனைப் புதிய தோட்டம் ஏற்றால்தான் அவர் இடம் மாறலாம். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வது 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

குடியிருந்த லயன் அறையும் தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஆகவே துரையுடன் முரண்பட்ட தொழிலாளி வேலையை மட்டுமல்ல, குடும்பம் ஒதுங்கியிருந்த கூரையையும் இழக்க நேர்ந்தது. நிலமும் வீடும் இல்லாதவன் தனக்கு நேர்ந்த அநீதியை வெளியே சொல்லவும் அஞ்சுவான் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். செல்வம் இல்லாமை அதிகாரம் இல்லாமைக்குக் காரணமாவது இவ்வாறே ஆகும்.

3. அதிகாரம்: பெற்றதும் இழந்ததும்

1931இல் டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டு கோ. நடேசையர் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான தொழிற்சங்கத்தை அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் மத்தியில் பாடல்கள் பாடி விழிப்பூட்டினார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகினர். சௌமியமூர்த்தி தொண்டமான், எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அவர்களுள் அடங்குவர்.

இந்த அதிகாரம் நீடிக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த சிறிது காலத்துக்குள் மூன்று சட்டங்கள் நிறைவேற்றப்பட்டன.

அ) 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம்: வம்சாவழிப் பிரசாவுரிமை பெறுவதற்குத் தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. தோட்ட மக்களுட் பெரும்பாலானோரிடம் இதற்கான பத்திரங்கள் இருக்கவில்லை.

ஆ) 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் (பிரசாவுரிமை) சட்டம்: குறிப்பிட்ட கால வதிவிடம், வருமானம் முதலியவற்றை நிரூபித்து விண்ணப்பிக்கலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. இறுதியில் ஏறத்தாழ 134,000 பேரே பிரசாவுரிமை பெற்றனர்.

இ) 1949ஆம் ஆண்டு 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம்: பிரசைகள் மாத்திரமே வாக்காளர் இடாப்பில் இடம்பெறலாம் என்றது. வாக்குரிமை பறிபோனது இச்சட்டத்தினாலேயே ஆகும்.

விளைவு என்ன? 1947இல் ஏழு பிரதிநிதிகளைக் கொண்டிருந்த அமைப்பு 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையேனும் பெறவில்லை. தோட்ட மக்களின் வாக்கினால் மீண்டும் ஓர் உறுப்பினர் தெரிவாக 1977வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

4. நீதி: கதவு இருந்தும் திறக்கவில்லை

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு எந்தவொரு சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டத்தை இயற்றக்கூடாது எனத் தடைவிதித்திருந்தது. அதன் அடிப்படையில் இச்சட்டங்களை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. கோடாக்கன் பிள்ளை வழக்கு எனப்படும் இவ்வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பிரசை யார் எனத் தீர்மானிப்பது அரசுக்குரிய உரிமை என்ற அடிப்படையில் 1953இல் மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. சட்டம் செல்லுபடியானது. ஆயினும் இந்நாட்டிலேயே பிறந்து உழைத்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். சட்டமும் நீதியும் ஒன்றல்ல என மேலே கூறியதற்கு இதுவே சிறந்த உதாரணமாகும்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அதன்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இதில் தம் விருப்பம் என்ன என்று அம்மக்களின் பிரதிநிதிகளிடம் கேட்கப்படவில்லை. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எனக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களுட் பலர் இந்தியாவை முன்பின் கண்டிராதவர்கள்.

1973 – 1974 காலத்து உணவுத் தட்டுப்பாட்டையும் இத்துடன் இணைத்துப் பாருங்கள். சொந்த நிலமில்லாத தோட்ட மக்கள் கடையில் விற்கும் மாவையும் அரிசியையுமே நம்பியிருந்தனர். பங்கீடு குறைந்து விலை ஏறியபோது தோட்டங்களில் பசியாலும் நோயாலும் பலர் மடிந்தனர். வாக்கில்லாத மக்களின் பசி பாராளுமன்றத்தில் உரத்துக் கேட்கவில்லை.

5. மாற்றங்களும் எஞ்சியவையும்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமையாளர் மாறியபோதும் லயன் வாழ்க்கை மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அதிகாரம் திரும்பக் கிடைத்தபோதே மாற்றங்கள் ஏற்பட்டன. 1984இல் வேலைநிறுத்தத்தின் பயனாக ஆண், பெண் தொழிலாளருக்குச் சமசம்பளம் கிடைத்தது. 1988ஆம் ஆண்டு 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க வழிசெய்தன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்துப் பாதைக்குக்கூடச் சபையால் கல் போட முடியாதிருந்த இந்நிலை 2018இல் திருத்தப்பட்டது. 2015இன் பின் ஏழு பேர்ச் காணியுடன் தனி வீடுகள் கட்டும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது.

சம்பளத்தை நோக்கினால், 2021இல் நாளாந்தச் சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. எனினும் குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு “அரைப் பேர்” போடும் வழக்கம் பற்றித் தொழிலாளர் முறையிட்டனர். அறிவிக்கப்படும் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

6. பரீட்சைக்கான வழிகாட்டல்

மாதிரி வினா: “அதிகாரமற்ற மக்களுக்குச் செல்வமும் நீதியும் கிட்டுவது கடினம்.” இலங்கை வரலாற்றிலிருந்து உதாரணம் தந்து விளக்குக.

விடையை அமைக்கும் முறை:
(i) மூன்று எண்ணக்கருக்களையும் ஒவ்வொரு வாக்கியத்தில் வரையறுக்குக.
(ii) துண்டு முறை, லயன் அறை ஆகியவற்றைக் கொண்டு செல்வம் இல்லாமையை விளக்குக.
(iii) 1948, 1949 சட்டங்களையும் 1947, 1952 தேர்தல் முடிவுகளையும் ஒப்பிட்டு அதிகார இழப்பைக் காட்டுக.
(iv) 1953 தீர்ப்பைக் கொண்டு சட்டத்துக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
(v) 1984, 1988, 2003, 2018 மாற்றங்களைக் கூறி முடிவுரை எழுதுக.

மாணவர் விடும் தவறுகள்:
• வாக்குரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நேரடியாகப் பறிக்கப்பட்டது என எழுதுதல். அது பிரசாவுரிமையையே வரையறுத்தது.
• 1964, 1974 உடன்படிக்கைகளின் எண்ணிக்கைகளை மாற்றி எழுதுதல்.
• அம்மக்களை வெறுமனே பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் காட்டுதல். தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், 1952ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகம் ஆகியவற்றின் மூலம் அவர்கள் தம் உரிமைக்காகப் போராடியவர்கள் என்பதையும் குறிப்பிடுக.

மாணவர்களே, வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர் இருப்பது சிறிய விடயம்போலத் தோன்றலாம். அப்பெயர் நீக்கப்பட்ட ஒரு சமூகம் வீடு, பாதை, சம்பளம், சிலவேளை உயிரையும் இழந்தது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். பதினெட்டு வயதில் உங்கள் பெயரை அந்த இடாப்பிற் பதியும்போது இப்பாடத்தை நினைவிற் கொள்ளுங்கள்.