ராஜ்தானி, துரந்தோ டிக்கெட்: செலவைக் குறைக்கலாம்!

* இந்த ரயில்களில் முதல் 10 சதவீத இடங்களுக்கு மட்டுமே அடிப்படைக் கட்டணம். பிறகு ஒவ்வொரு 10 சதவீதம் நிரம்பும்போதும் 10 சதவீதம் கூடும். மூன்றடுக்கு, இரண்டடுக்கு ஏசி இரண்டிலும் 1.4 மடங்கு வரை ஏறும்.

* முன்பதிவு 60 நாளுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் தொடங்கும். அன்றைக்கே பதிவு செய்தால் லாபம்.

* முதல் வகுப்பு ஏசிக்கு இந்த ஏற்றம் கிடையாது. இரண்டடுக்கின் கட்டணம் ஏறியிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

* பத்தியச் சாப்பாடு தேவைப்படுபவர்கள், பதிவின்போதே ‘உணவு வேண்டாம்’ எனக் குறித்தால் உணவுக்கான தொகை குறையும்.

* ஏசி வகுப்புக்கான தட்கல், ரயில் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் காலை 10 மணிக்குத் திறக்கும்.