டாக்டர் கேட்ட முதல் கேள்வி



"ரசாயன விபத்தும் மருத்துவமனையும்" பற்றி எழுதச் சொன்னார் அறிவியல் சார். போபால்தான் முதலில் ஞாபகம் வந்தது. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த இரவு, ஹமீதியா மருத்துவமனைக்கு ஆயிரக்கணக்கானோர் ஓடிவந்தார்கள். அது என்ன வாயு என்றே டாக்டர்களுக்குத் தெரியவில்லையாம்!

ஆனா போபால் வரைக்கும் ஏன் போகணும்? 2024 ஜூனில் நம்ம கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். (மலைப் பசங்களை "உங்க ஊரு சரக்கா?" என்று கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு சேதி: மெத்தனால் தொழிற்சாலை ரசாயனம். நானும் வெள்ளிமலைப் பக்கம்தான்.)

மெத்தனால் குடித்த உடனே பெரிசா ஒண்ணும் தெரியாது. அதுதான் ஆபத்து. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்புக் கடியில் இருக்கிற அதே அமிலம்தான். அரை நாள், ஒரு நாள் கழித்து வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் வரும், கண் மங்கும். அந்த மாற்றத்தைத் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து உண்டு. ரத்தத்தைச் சுத்தம் செய்ய டயாலிசிஸ் உண்டு. இரண்டும் சீக்கிரமாகக் கிடைக்க வேண்டும். ஒரே நாளில் நூறு பேர் வந்தால் எத்தனை மெஷின் இருந்தாலும் போதாது. அதனால்தான் அன்றைக்கு சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மருக்கும் பிரித்து அனுப்பினார்கள். மருந்து இருப்பு, யாரை எங்கே அனுப்புவது என்ற கணக்கு எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

போன வருஷம் எங்க மாமா மக்காச்சோளத்துக்கு மருந்து அடிச்சிட்டு மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸ் அக்கா சட்டையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவச் சொன்னாங்க. எனக்குக் கோபம் வந்தது. இப்போதான் புரியுது. 1995 இல் டோக்கியோ ரயிலில் சாரின் விஷம் பரவியபோது, செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். துணி மாற்றாமல் உள்ளே விட்டதால் ஊழியர்களுக்கும் பாதிப்பு.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சாரு?"

யாருக்கும் தெரியல. "வெள்ளை பாட்டில் சார்" என்றார் அத்தை. சித்தப்பா பைக்கில் மலையேறிப் போய் பாட்டிலை எடுத்து வர மூணு மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் டாக்டர் அறிகுறியை வைத்தே அட்ரோபின் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டார். மாமா பிழைத்தார்.

இப்போ அத்தை மருந்து வாங்கினால், கடையிலேயே என்னை லேபிளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவாங்க.